வேலை செய்யும் சிலிண்டரின் சாட்சியம்

இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒரு பக்கத்தில் மட்டும் மிஸ் பண்ணத் தொடங்கினால் எல்லாருடைய கண்ணும் கெட்டுப்போன பக்கத்துக்கே போகிறது. அந்தப் பக்கத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார்கள். புதிதொன்று வாங்கிப் போடுகிறார்கள். சரிவராவிட்டால் பிளக் கப்பை மாற்றுகிறார்கள், பிறகு கொயிலை, கடைசியில் காபரேட்டரை. நாலாவது தடவை வண்டி சரியாகிவிடுகிறது, முதல் மூன்று சாமானுக்குக் கொடுத்த காசு கொடுத்ததுதான். மறுபக்கத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சிலிண்டரை இதற்கிடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழுதைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியது அந்தச் சிலிண்டர்தான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். முழுதாக நின்றுபோன எஞ்சினைவிடப் பாதி ஓடும் எஞ்சினில் பழுது தேடுவது எளிது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நல்ல மாதிரியை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

திருகோணமலையின் உள்துறைமுகத்தை ஒட்டிய மேட்டுப் பகுதியான ஓர்ஸ் ஹில், அதாவது உவர்மலை, இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமான இடம். இலங்கைத் தெருக்களில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். ஆனால் பழைய ஹொண்டா சிடி 125, சிடி 200 போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டிகளும், ஜப்பானிலிருந்து வந்த 250 சிசி நான்கு சிலிண்டர் ஜேட், ஹோர்னட் வண்டிகளும் இன்னும் பாவனையில் உள்ளன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் இருப்பதைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்று ஒருபுறம். எரிபொருள் நெருக்கடிக் காலத்தில் வாரக்கணக்கில் நின்ற வண்டிகளின் தாங்கிக்குள் பழசாகிப்போன பெற்றோல் மறுபுறம். ஊகத்தில் சாமான் மாற்றும் பழக்கத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க நேரும் ஊர்கள் குறைவு.

முதலில் சிடி 125 வண்டியின் அமைப்பைப் பார்ப்போம். அதன் இரண்டு பிஸ்டனும் ஒன்றாகவே மேலேறி ஒன்றாகவே கீழிறங்குகின்றன. எரிப்பு மட்டும் மாறி மாறி நடக்கிறது. காபரேட்டர் ஒன்று. கொயிலும் ஒன்று, அதன் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு பிளக் வயர்கள் போகின்றன. எஞ்சினின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் பொறி விடும். ஒன்று எரிக்க வேண்டிய சிலிண்டரில் விழும். மற்றது புகை வெளியேறிக்கொண்டிருக்கும் சிலிண்டரில் வீணாகப் போகும். இப்போது இடது சிலிண்டர் எரியவில்லை, வலது எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பற்றரி, சாவி, மெயின் வயரிங், பெற்றோல் குழாய், காபரேட்டரின் மிதவை, எயார் பில்டர் எல்லாம் இரண்டு சிலிண்டருக்கும் பொதுவானவை. அவற்றில் எது அடியோடு கெட்டிருந்தாலும் வலதும் நின்றிருக்கும். எனவே ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல் வண்டியின் பெரும்பகுதியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். மிஞ்சுவது இடது சிலிண்டருக்கென்று தனியாக உள்ளவை: பிளக், கப், வயர், கொயிலின் ஒரு முனை, இன்ரேக் குழாயின் ஒரு கிளையும் அதன் கேஸ்கட்டும், இரண்டு வால்வு, ரிங். இந்தத் தர்க்கத்துக்குப் பெயர் வைத்தவர் ஜோன் ஸ்டுவர்ட் மில். 1843 இல் வெளியான தன் தருக்க நூலில், ஒன்றைத் தவிர மற்றெல்லாம் ஒத்திருக்கும் இரண்டு நிலைமைகளில் விளைவு மட்டும் மாறுபட்டால், காரணம் அந்த ஒன்றில் உள்ளது என்று அவர் வகுத்தார். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு முந்தி, 1747 இல், ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை வைத்தியர் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை ஆறு சோடியாகப் பிரித்து, எல்லாருக்கும் ஒரே உணவும் ஒரே தங்குமிடமும் தந்து, மருந்தை மட்டும் சோடிக்குச் சோடி மாற்றிப் பார்த்திருந்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினார்கள். ஒரே உடம்போடு பொருத்திய இரண்டு சிலிண்டர் லிண்டின் எந்தச் சோடி மாலுமியையும்விட ஒத்த நிலைமையில் இருப்பவை.

எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று அறிய மீற்றர் தேவையில்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, இரண்டு சைலன்சர் குழாயிலும் எஞ்சினுக்குக் கிட்டவாகச் சில துளி தண்ணீரை விரலால் தெறித்தால் போதும். எரியும் பக்கத்தில் துளி சீறி மறையும். எரியாத பக்கத்தில் அது குழாயின் வளைவில் மெல்ல வழிந்து அப்படியே நிற்கும். அடுத்தது பரிசோதனை. சிடி வண்டியில் இரண்டு பிளக்கும் ஒன்றாகவே பொறி விடுவதால், வயர் நீளம் இடங்கொடுத்தால் இரண்டு வயரையும் இடம் வலமாக மாற்றி மாட்டலாம். எரிப்பு நேரம் குழம்பாது. மாற்றியபின் பழுது வலதுக்குத் தாவினால் குற்றம் கப், வயர், கொயில் ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிட்டது. இடதிலேயே நின்றால் மின்சாரத்தின் வழி சரி; பழுது பிளக்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. பிறகு எஞ்சின் ஆறியதும் (சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை போய்விடும்) பிளக்கை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் பழுது அசையாவிட்டால் வால்வு இடைவெளி, இன்ரேக் கசிவு, கம்பிரஷன் என்று சிலிண்டரோடு பிரியாமல் கிடப்பவையே மிச்சம். கம்பிரஷன் குறைந்திருந்தால் ஒரு கரண்டி எண்ணெயைப் பிளக் துவாரத்தால் ஊற்றித் திரும்ப அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு கசிகிறது. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே இதிலுள்ள ஒரே கட்டுப்பாடு. அவசரத்தில் பிளக்கையும் கப்பையும் சேர்த்து மாற்றுகிறவர் வண்டியைத் திருத்திவிடக்கூடும். ஆனால் எது பழுதாக இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. பழைய இரண்டில் நல்லதையும் சேர்த்தே எறிவார்.

இவ்வளவு சடங்கு எதற்கு, கைப்பழக்கமுள்ள மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயிரம் வண்டி பார்த்தவர் எந்தப் பழுது அடிக்கடி வரும், எது எப்போதாவது வரும் என்ற கணக்கை மனத்தில் வைத்திருக்கிறார். பிளக்கை முதலில் பார் என்று அவர் சொன்னால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிளக் மலிவு, அடிக்கடி கெடுவதும் அதுதான். அனுபவம் எதை முதலில் சோதிப்பது என்ற வரிசையைத் தருகிறது. சோதித்ததற்குச் சமமாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் பிழைக்கிறது. கராஜ்களில் வழக்கமாக நடக்கும் ஒரு சோதனையே இதற்கு உதாரணம்: பிளக்கைக் கழற்றி, கப்போடு ஹெட்டின் மேல் சாய்த்து வைத்து, கிக்கரை உதைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது. நீலமாகப் பொறி வந்துவிட்டால் கரண்ட் சரி என்று தீர்ப்பாகிவிடும். 1889 இல் பிரீட்ரிஷ் பாஷன் கண்டறிந்த விதி இந்தத் தீர்ப்பை ஏற்காது. இரு மின்வாய்களுக்கிடையில் பொறி பாயத் தேவையான வோல்ற்றளவை அவற்றின் இடைவெளியும் இடையிலுள்ள வாயுவின் அமுக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. திறந்த வெளியில் ஒரு மில்லிமீற்றர் காற்றைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ற்று வேண்டும். பிளக்கின் இடைவெளி 0.7 மில்லிமீற்றர் அளவுதான். நலிந்த கொயிலும் அதைத் தாண்டிவிடும். ஆனால் திரொட்டிலை முழுக்கத் திறந்து ஏற்றத்தில் போகும்போது அதே இடைவெளியில் பல மடங்கு நெருங்கிய வாயு அடைந்திருக்கும், தேவை 10,000 வோல்ற்றைக் கடந்துவிடும். வெளியில் பொறி விட்ட பிளக் உள்ளே விடாமல் போவதற்கு இதுவே காரணம். ஐட்லில் ஒழுங்காக ஓடி மேடு ஏறும்போது மட்டும் மிஸ் பண்ணும் வண்டியில் பொறியைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். திறந்த வெளியில்தான் சோதிக்க வேண்டுமானால் 6, 7 மில்லிமீற்றர் இடைவெளியைப் பொறி தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் நல்ல சிலிண்டரின் வயரை மாற்றி மாட்டி, எஞ்சினுக்குள்ளேயே சோதிக்கலாம்.

அந்த முறைமாற்றுச் சோதனைக்கும் ஓர் ஓட்டை உண்டு. கடலோர ஊரில் அது பெரிதாகத் தெரியும். கப்பைக் கழற்றித் திரும்ப மாட்டியதுமே பழுது மறைந்துவிடுவதுண்டு. எது குற்றவாளி என்று தெரியாமலே வண்டி ஓடத் தொடங்கும். கப்பின் உள்ளே பித்தளையில் பிடித்திருந்த பச்சைக் களிம்பை அந்தக் கழற்றலே சுரண்டிவிட்டது. பரிசோதனை செய்த கையே மருந்தும் போட்டுவிட்டது என்பதால், மாற்றியதை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து பழுதும் திரும்புகிறதா என்று பார்க்காதவரை முடிவு முடிவல்ல. உப்பின் வேலை களிம்போடு நின்றுவிடுவதில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும். அதற்குக் கீழே உலர்ந்த தூளாகக் கிடக்கும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, கரைந்த உப்பு நன்றாகக் கடத்தும். கப்பின் மேலும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானின் மேலும் படிந்த உப்பு, விடியற்காலையில் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலமாகி, பொறிக்குப் போகவேண்டிய வோல்ற்றளவை வெளிப்பக்கத்தாலேயே எஞ்சின் உடம்புக்கு இறக்கிவிடுகிறது. வெயில் ஏறி எஞ்சினும் சூடானதும் படலம் உலர்ந்து பழுது மறையும். அலையில்லாத உள்துறைமுக நீர் அவ்வளவு உப்பைக் காற்றில் ஏற்றாது. டச்சுக் குடாப் பக்கத்து வெளிக்கடலில் அலை உடையும் வாடைக் காலத்தில்தான் உப்புத் துளிகள் மேட்டுக்கு ஏறி வருகின்றன. கச்சான் வீசும் மாதங்களின் வறண்ட நண்பகலில் இந்தப் பழுது தலைகாட்டுவது அரிது. இரண்டு கப்பும் ஒரே காற்றில்தானே நிற்கின்றன, ஏன் ஒன்று மட்டும் கசிகிறது? வெடித்த றப்பர், கீறல் விழுந்த பீங்கான் இருக்கும் பக்கம் முதலில் தோற்கும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கப்பின் அடியில் நீல நூல்போல ஒளி ஊர்கிறதா என்று பார்த்தால் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

இனி வலுவான ஆட்சேபத்துக்கு வரலாம். பொதுவான பாகங்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது சரிதானா? பொதுக் காரணம் ஒன்று இரண்டு சிலிண்டரையும் சமமாகப் பாதிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? உண்மையில் ஒரு கட்டாயமும் இல்லை. சிடி 125 கொயிலையே பாருங்கள். அதன் இரண்டு முனையும் எதிரெதிர் முனைவுகளில் வேலை செய்வதால், ஒரு பிளக்கில் இலத்திரன்கள் சூடான நடு மின்வாயிலிருந்து புறப்படுகின்றன, மற்றதில் குளிர்ந்த ஓர மின்வாயிலிருந்து. சூடான உலோகத்திலிருந்து இலத்திரன் புறப்படுவது எளிது என்பதால், இரண்டாவது பிளக்குக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலான வோல்ற்றளவு தேவை. கொயில் மெல்ல நலிந்து வரும்போது அந்தப் பக்கம் முதலில் நிற்கும். காரணம் பொதுவானது, அறிகுறி ஒரு பக்கத்துக்குரியது. எரிபொருளும் இப்படித்தான். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த சிலிண்டரில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது, சூடான சிலிண்டரில் ஆவியாகிவிடும் என்பதற்கு அதைவிடப் பெரிய செய்முறை வேண்டியதில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயரும்வரை, 450 ரூபாப் பெற்றோலில் அதைக் கலப்பதற்கான தூண்டுதல் எவ்வளவு இருந்தது என்பதை வாசகரே கணக்கிடலாம். அப்படிக் கலந்த எண்ணெய் இரண்டு சிலிண்டருக்கும் ஒன்றாகவே போகும். ஆனால் கம்பிரஷன் சற்றுக் குறைந்த, சற்றுக் குளிர்ந்த சிலிண்டர்தான் முதலில் மிஸ் பண்ணும்.

இந்த ஆட்சேபம் வாதத்தைக் கவிழ்க்கவில்லை, திருத்துகிறது. வேலை செய்யும் சிலிண்டர் பொதுப் பாகங்களை முற்றாக விடுவிக்கவில்லை. அவை அடியோடு செத்துவிடவில்லை என்றே சாட்சி சொல்கிறது. நலிந்திருக்கின்றனவா என்பதற்கு முறைமாற்றுச் சோதனையே பதில் தரும். கொயில் நலிந்ததாலோ எண்ணெய் கலப்படத்தாலோ வந்த பழுது பிளக்கோடோ கப்போடோ சேர்ந்து நகராது. வயர்களை மாற்றினால் கொயில் பழுது மறுபக்கம் போகும். ஆனால் கப்புகளை மட்டும் மாற்றினால் போகாது, அந்த வயரோடேயே நிற்கும். கலப்பட எண்ணெயால் வந்தது எதை மாற்றினாலும் அசையாமல் பலவீனமான சிலிண்டரிலேயே நிற்கும். தாங்கியை வடித்து நல்ல பெற்றோல் ஊற்றினால் மறையும். ஆக, நகராத பழுதும் ஒரு தகவல்தான். இரண்டு பழுது ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. ஒன்றைத் திருத்தியதும் அறிகுறி குறையுமே தவிர மறையாது. அப்போது அதே வரிசையைத் திரும்பத் தொடங்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் ஊகத்தைவிட மலிவு.

நான்கு சிலிண்டர் வண்டியில் சாட்சிகள் கூடுகின்றன, தர்க்கம் இன்னும் கூர்மையாகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் இரண்டு கொயில். ஒன்று 1, 4 ஆம் சிலிண்டர்களுக்கும் மற்றது 2, 3 ஆம் சிலிண்டர்களுக்கும் கரண்ட் தருகிறது. காபரேட்டர் ஆளுக்கொன்று. நான்கில் ஏதாவது இரண்டு நிற்பதற்கு ஆறு விதமான சோடிகள் உண்டு. அவற்றில் இரண்டுதான் கொயிலின் சோடியோடு ஒத்துப்போகும். நின்றவை 1, 4 என்றால் கொயிலையும் அதற்கு வரும் வயரையும் முதலில் பார்ப்பது தர்க்கத்துக்கு ஒத்த செயல். நின்றவை 1, 2 என்றால் கொயில் வாங்கக் கொழும்புக்கு ஆள் அனுப்புவது வீண். அங்கே காபரேட்டரோ இரண்டு தனித்தனிப் பழுதோ இருக்கிறது. 2022 யூன் இறுதியில் அத்தியாவசியமற்ற வாகனங்களுக்கு எரிபொருள் விற்பது நிறுத்தப்பட்டது. பின்னர் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று தொடங்கியது. துறைமுகத்தின் அக்கரையில் சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்க, இக்கரையில் வண்டிகள் வரண்டு நின்ற காலம் அது. காபரேட்டர் கிண்ணத்தில் விட்ட பெற்றோல் ஆவியாகும்போது மிஞ்சும் பிசின், மயிரளவேயான துவாரமுள்ள பைலட் ஜெட்டைத்தான் முதலில் அடைக்கும். ஐட்லில் மிஸ் பண்ணி, திரொட்டிலைத் திறந்ததும் சரியாகும் சிலிண்டருக்கு அதுவே அடையாளம். பொறி நலிந்த சிலிண்டர் இதற்கு நேர்மாறாக, பாரம் ஏறும்போதே விடும். மிஸ் எந்தப் பக்கம் என்று கேட்பதோடு எப்போது என்றும் கேட்க வேண்டும்.

இதெல்லாம் காபரேட்டர் காலத்துக் கதை, இனி ஸ்கானரை மாட்டினால் அதுவே சொல்லிவிடும் என்பது கடைசி ஆட்சேபம். ஸ்கானர் எப்படிச் சொல்கிறது என்று பார்த்தால் அதில் புதிதாக ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1996 முதல் கார்களில் கட்டாயமான கண்காணிப்பு முறையில், கணினி கிராங் தண்டின் வேகத்தை ஒவ்வொரு எரிப்புக்கும் தனித்தனியே அளக்கிறது. ஒரு சிலிண்டரின் முறை வரும்போது மட்டும் தண்டு மற்ற முறைகளைவிடச் சற்றே தளர்ந்தால், அந்தச் சிலிண்டரின் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. நல்ல சிலிண்டர்களோடு ஒப்பிட்டே கெட்டதை அது கண்டுபிடிக்கிறது. மூன்றாம் சிலிண்டர் எரியவில்லை என்று சொல்லும்; ஏன் என்று சொல்லாது. அதை அறிய அங்கேயும் கொயிலையோ இன்ஜெக்டரையோ பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

சோதனை பலிக்க வேண்டுமானால் பழுது இருக்கும் நேரத்தில் வண்டி மெக்கானிக்கின் கையில் இருக்க வேண்டும். விடியற்காலையில் மிஸ் பண்ணும் வண்டியைப் பத்து மணி வெயிலில் கராஜுக்குக் கொண்டுபோனால் இரண்டு சிலிண்டரும் ஒழுங்காக ஓடும், ஒப்பிட ஒன்றுமிராது. வாடைக் காலத்தில் வண்டியை முதல் நாள் பின்னேரமே கராஜில் விட்டுவிடுங்கள். மறுநாள் வெயில் ஏறுமுன் அதை முதன்முதல் ஸ்டார்ட் செய்பவர் மெக்கானிக்காக இருக்கட்டும்.